கடைசி ஒரு முழத் தண்ணீர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. அவருடைய பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் இன்றைக்கும் எழும்பிக் கதிரை தருகிறவர்கள். அதுகளை ஏன் வீணாக இழுக்கவேண்டும்? அதோடு அந்தப் பெயரைச் சொன்னால் எனக்கு வாய் கசக்கும். ஊர் அவருக்கு வைத்த பட்டம் ஒன்று இருக்கிறது, அது போதும். முழக்காரர்.

தம்பலகாமத்தில் பெரிய வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுப் பக்கத்தில் எங்கள் குளம் இருந்தது. மழையை நம்பின சின்னக் குளம். அதன் துருசுக்கு, அதாவது குளக்கட்டின் அடியால் வயலுக்குத் தண்ணீர் விடுகிற மதகுக்கு, அவர்தான் பொறுப்பு. துருசைத் திறக்கிற இரும்புத் திறப்பு ஒரு ஆளின் கை நீளம் இருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் சந்தைக்கும் போவார், சாவீட்டுக்கும் போவார். சாவீட்டில் அதைப் பந்தல் காலோடு சாத்தி வைத்துவிட்டு, அழவேண்டிய அளவுக்கு அழுதுவிட்டு, மறக்காமல் எடுத்துக்கொண்டு வருவார்.

குளத்து மட்டம் பார்க்கிறதற்கென்று நீர்ப்பாசனத் திணைக்களம் ஒரு பலகை நட்டு வைத்திருந்தது. அதில் இருந்த இலக்கமெல்லாம் வெயிலில் உரிந்து எப்போதோ போய்விட்டது. அவருக்கு அது தேவையும் இல்லை. சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துருசடியில் இறங்குவார். அலை அடங்கும் மட்டும் அசையாமல் நிற்பார். பிறகு குனிந்து வலது கையைத் தண்ணீருக்குள் நேரே விடுவார். நடுவிரல் துருசு வாசல் கல்லில் முட்டும்போது தண்ணீர் முழங்கை மூட்டில் நின்றால், மிச்சம் ஒரு முழம். அதற்குப் பிறகு துருசு பூட்டுத்தான். எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் திறக்கமாட்டார்.

அந்தக் கடைசி முழம் எங்களுக்கு இல்லை. எவ்வளவு வறட்சி வந்தாலும் அதை வாயில்லாச் சீவன்களுக்கு விட்டுவிடுவது எங்கள் குளத்து வழக்கம். யார் வைத்த வழக்கம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு முழம்தானே என்று நினைக்கக் கூடாது. எங்கள் குளம் ஆழமில்லாமல் பரந்து கிடந்த குளம். ஒரு முழம் நின்றால் அரைவாசிக் குளம் நிற்கும். அதில் மீன் நிற்கும், மீனை நம்பிக் கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் நிற்கும். பாலாமை, முதலை, பொழுதுபட இறங்குகிற யானை என்று எல்லாமே ஐப்பசி மழை வரும்வரை அந்த முழத்தில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதையும் விட்டால் மிஞ்சுவது சேறு.

யாராவது வந்து கெஞ்சினால் அவர் ஒரே கதைதான் சொல்லுவார்.

“நாங்கள் கிணறு கிண்டுவம். அதுகள் என்னத்தைக் கொண்டு கிண்டும்?”

அவ்வளவுதான். மேலே ஒரு விளக்கமும் வராது. வந்தவர் வாயை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான்.

நான் நிலாவெளியில் பிறந்தவள். கடற்கரைப் பிள்ளை. வலை, வாடி, கருவாடு இதுதான் எனக்குத் தெரிந்த உலகம். கல்யாணம் முடித்துத் தம்பலகாமம் வந்தபோது நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா. என் மனிசனுக்குத் திருகோணமலை டவுனில் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஆகவே இரண்டு ஏக்கர் வயல் என் தலையில் விழுந்தது. அதுவும் கடைவயல். எல்லோருடைய வயலும் குடித்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர்தான் எனக்கு வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். கடைவயல்காரிக்கு வாயும் இல்லையென்றால் என்ன செய்வது?

வந்த முதல் சிறுபோகத்திலேயே, அதாவது கோடை வெள்ளாமையிலேயே, முழக்காரரோடு சண்டைக்குப் போனேன். துருசைப் பூட்டிவிட்டார், என் வயலில் வெடிப்பு விழுந்துகொண்டிருந்தது. குளக்கட்டில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினதும், நம்பிக்கை இல்லாவிட்டால் இறங்கிக் கையை விட்டுப் பாருங்கள் என்றார். நானும் விடுவேனா? சீலையைச் செருகிக்கொண்டு இறங்கிக் கையை விட்டேன். எனக்கு முழங்கைக்கு மேலே தண்ணீர் நின்றது. என் முழத்துக்கு இன்னும் மூன்று விரல் தண்ணீர் இருக்கிறது, திறவுங்கள் என்று சொன்னேன்.

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

“குளத்துக்கு ஒரு முழம்தான் பிள்ளை. ஆளுக்கொரு முழம் எண்டால் ஒண்டும் மிஞ்சாது.”

எனக்குக் கோபம் போய்விட்டது. அந்தக் கதை ஊருக்குள் பரவி, கொஞ்சக் காலம் என்னையும் சின்ன முழக்காரி என்று பகிடி பண்ணினார்கள். அவர் எனக்கு அண்ணை ஆனது அப்படித்தான்.

மற்ற ஆட்களுக்கும் அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை இருந்தது. ஒருமுறை டவுனிலிருந்து ஜீப்பில் நாலு பெரிய மனிசர் துவக்கோடு வந்தார்களாம். மார்கழியில் காட்டுத் தாராக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கியிருந்த நேரம். தாரா சுட வந்தவர்களுக்கு இவர் பணிவாக வழிகாட்டினாராம். கட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகும்போது தோளில் கிடந்த இரும்புத் திறப்பு தற்செயலாக நழுவி, அங்கே கிடந்த ஒரு தகரப் பீப்பாவில் விழுந்துவிட்டது. குளத்தில் இருந்த அத்தனை பறவையும் எழும்பிப் போய்விட்டன. அவர் கையைக் கட்டிக்கொண்டு, ஐயா மன்னிக்கவேணும், வயதுபோன கை என்றாராம். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட இல்லை. அந்தப் பீப்பா அங்கே எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலைக் கதை எனக்கு நேரே தெரியும். குளத்து முதலை ஒன்று ஆட்டுக்குட்டியைப் பிடித்துவிட்டது. பொடியங்கள் கோடாலியும் கயிறுமாக வெளிக்கிட்டார்கள். இவர் கட்டின் நடுவில் போய்க் குந்திக்கொண்டார். முதலை இருக்கிற பயத்தில்தான் வலைக்காரன் ஒருவனும் இந்தக் குளத்தில் இறங்காமல் இருக்கிறான், அது எங்கள் காவல்காரன், அரசாங்கத்திடம் சம்பளமும் கேட்கவில்லை என்றார். பொடியங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கொல்ல முடியுமா? ஆட்டுக்காரிக்கு அவர் தன் வீட்டு மறியாட்டின் குட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த முதலையை ஊரே காவல்காரர் என்றுதான் மரியாதையாகச் சொல்லும்.

குளத்து மீன் அவர் வாயில் படாது. பின்னேரங்களில் கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் வருகிற கடல்மீன் மட்டும்தான். ஒருநாள் அவருடைய மனிசி விரால் ஒன்றை வாங்கி, கடல்மீன் என்று சொல்லிக் குழம்பு வைத்திருக்கிறா. ஒரு வாய் வைத்துவிட்டுக் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாராம். அவா என்னிடம் வந்து குசினி வாசலில் குந்தியிருந்து சொன்னா:

“இந்த மனிசன் அந்தக் குளத்துக்கே தாலியைக் கட்டியிருக்கலாம். என்னை ஏன் கட்டினது?”

இருவரும் சிரித்தோம். அவாவின் மூத்த மகன் படிப்பு முடித்து நாலு வருசமாகச் சும்மா இருந்தான். அந்தக் கவலையையும் அன்றைக்குச் சொன்னா. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் எந்த வீட்டில் பொடியனுக்கு வேலை இருந்தது?

பிறகு அந்தப் பொல்லாத வருசம் வந்தது. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியவே வரிசையில் நின்ற காலம். கூப்பன் அரிசி பாதியாகி, மரவள்ளிக் கிழங்கைக் காலையும் மாலையும் தின்று பிள்ளைகளின் வயிறு ஊதிப்போயிருந்தது. நெல்லை வீட்டில் வைத்திருக்கிறவள் ராசாத்தி. அந்த நேரம் பார்த்து வானம் பொய்த்தது. சிறுபோகத்தில் கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் குளம் வற்றி, அவருடைய முழங்கையில் வந்து நின்றது. துருசு பூட்டு. இன்னும் ஒரேயொரு நனைப்பு இருந்தால் எங்கள் நெல் தப்பும். அந்த ஒரு நனைப்புக்கான தண்ணீர் குளத்தில் கிடந்தது. கடைசி முழமாக.

ஊர் கொதித்தது. வட்டவிதானையார், அதாவது வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்க்கிறவர், கூட்டம் வைக்கப் போகிறார் என்று கதை வந்தது. கூட்டத்துக்கு முதல்நாள் முழக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் ஒருநாளும் ஒருவர் வீட்டிலும் கதிரையில் இருந்ததில்லை. அன்றைக்கு இருந்தார். திறப்பைத் தரையில் மெல்லக் கிடத்தினார்.

“நாளைக்கு நான் கதைச்சால் சனம் அடிக்க வரும். நீங்கள் கதைச்சால் கேக்கும். கடைவயல்காரி நீங்கள். உங்களுக்குத்தான் நட்டம் கூடுதல். நீங்களே வேண்டாம் எண்டால் மற்றாக்கள் என்ன சொல்ல ஏலும்?”

நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை. என் பிள்ளைகள் உள்ளே கிழங்கு தின்றுகொண்டிருந்ததை அவரும் பார்த்தார். அவர் எழும்பும்போது சொன்னார், கூழைக்கடாக்கள் இந்த முறை செத்த மரங்களில் கூடு வைத்திருக்கின்றன, குஞ்சுகள் பறக்க இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று. சொன்னபோது அவருடைய குரல் உடைந்தது. அதை நான் கண்டேன். அதை இன்றைக்கும் என்னால் பொய் என்று சொல்ல முடியாது.

அடுத்தநாள் குளக்கட்டு மருத மரத்தடியில் கூட்டம். ஆட்கள் கத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள். நான் எழும்பினேன். என் வயல்தான் கடைசி வயல், முதலில் கருகப்போவது என் நெல்தான், நானே வேண்டாம் என்கிறேன் என்றேன். மழைக்குப் பிறகு நாங்கள் திரும்ப விதைக்கலாம், செத்த குஞ்சைத் திரும்ப விதைக்க முடியுமா என்று கேட்டேன். என்னுடைய நீண்ட வாய் அன்றைக்கு எனக்கே நல்லதாகப் பட்டது. பிறகு என் வயலுக்குப் பக்கத்தில் குத்தகைக்குச் செய்த கிண்ணியாக் காக்கா, முஸ்லிம் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம், துருசைத் திறக்க வேண்டாம் என்று முதல் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து மற்றக் கைகளும் ஒவ்வொன்றாகத் தூக்கப்பட்டன. முழக்காரர் துருசடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் நெல் செத்தது. கதிர் வெள்ளையாக நிமிர்ந்து நின்றது. மணி பிடித்த கதிர் தலை குனியும், பதர்தான் நிமிர்ந்து நிற்கும். உருவிப் பார்த்தால் கையில் உமிதான் வந்தது. சனிக்கிழமை வந்த மனிசன் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, கொக்குக்குச் சோறு போட்டனி, பிள்ளையளுக்கு என்ன போடப்போறாய் என்று கேட்டார். ஆனால் விடியற்காலையில் குளக்கட்டுக்குப் போனால் மனம் ஆறும். அந்தத் தண்ணீர் முழுக்கப் பறவையாக இருக்கும். கூடுகளிலிருந்து கூழைக்கடாக் குஞ்சுகள் சாம்பல் நிறக் கழுத்தை நீட்டிக் கத்தும். என்னுடைய நெல்தான் அங்கே குஞ்சாக இருக்கிறது என்று நினைப்பேன். பைத்தியக்காரி என்று நீங்கள் சிரிக்கலாம். அந்த நாட்களில் எனக்கு அந்தக் குளத்தின் மேல் ஒரு உரிமை இருந்தது.

அவரும் அங்கே நிற்பார். கூட்டம் முடிந்து பத்துப் பதினைந்து நாளைக்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். வெட்கப்படுகிறார், என் பயிர் செத்ததற்கு அவர் மனம் வருந்துகிறது என்று நினைத்து, ஒருநாள் நானே வலியப் போய், கவலைப்படவேண்டாம் அண்ணை என்று ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொன்னேன், கேட்டீர்களா? யாருக்கு யார் சொன்னது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

கோயில் திருவிழாவின் கடைசி மூன்று நாட்கள் ஊரில் ஆள் இல்லை. எல்லோரும் கோயில் வீதியில் கிடந்தார்கள். நானும் தேர் பார்த்துவிட்டு, தீர்த்தத்தன்று காலை, செத்த நெல்லை மாட்டுக்காவது அறுப்போம் என்று கத்தியோடு வயலுக்குப் போனேன். வரம்பில் ஏறும்போதே சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடுகிற சத்தம்.

என் கடைவயலுக்கு அப்பால் கழிவு வாய்க்கால் ஒன்று இருந்தது. மாரியில் மிஞ்சின தண்ணீரைக் கடலோடு சேருகிற களப்பில் கொண்டுபோய் விடுகிற வாய்க்கால். அது கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. மேலே மேகம் ஒரு துண்டும் இல்லை. செத்த நெல்லுக்குப் பக்கத்தால், ஒரு கை எட்டுகிற தூரத்தில், அவ்வளவு தண்ணீரும் களப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. குளம் உடைந்துவிட்டது, அண்ணைக்கு என்ன நடந்ததோ என்றுதான் ஓடினேன். கடவுள் சாட்சியாக, அவரை நினைத்துத்தான் ஓடினேன்.

குளம் உடையவில்லை. கழிவு வாய்க்காலுக்குப் போகிற பழைய துருசு முழுதாகத் திறந்து கிடந்தது. இரண்டு நாளாகத் திறந்திருக்கவேண்டும், ஏனென்றால் குளத்தில் தண்ணீரே இல்லை. சேறு. சேற்றுக்குள் இருபது முப்பது ஆட்கள், எங்கள் ஊர் முகம் ஒன்றும் இல்லை, கூடை கூடையாக மீன் அள்ளிக்கொண்டிருந்தார்கள். விரால், கெளிறு, திலாப்பியா எல்லாம் வாலடித்துக்கொண்டு கிடந்தன. கட்டில் இரண்டு லொறி, ஐஸ் பெட்டி. டவுனில் மீன் வாங்கி ஐஸ் போட்டு விற்கிற ஐஸ்வாடி முதலாளி ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பாலாமைகளைச் சாக்கில் கட்டியிருந்தார்கள். காவல்காரருடைய வாயைக் கயிற்றால் கட்டி, லொறியின் சக்கரச் சில்லோடு பிணைத்திருந்தார்கள். பெரிய கூழைக்கடாக்கள் மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தன. குஞ்சுகள் கூட்டில் இருந்து கத்தின. அதுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது.

அவர் மருத மரத்தடியில் இருந்தார். கூட்டம் நடந்த அதே இடம். திறப்பு மடியில் குறுக்கே கிடந்தது. நான் போய் முன்னால் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்து, நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னார்:

“மூத்தவனுக்குத் துறைமுகத்தில வேலை சரிவந்திட்டுது, பிள்ளை.”

நான் திரும்பி நடந்தேன். கையில் இருந்த கத்தியை எங்கே போட்டேன் என்று தெரியாது. பிறகு தேடியும் கிடைக்கவில்லை.

பெட்டிசம் எழுதினோம். விசாரணைக்கு ஒருவர் வந்து, கட்டில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டுப் போனார். பழைய துருசுப் பலகை உளுத்துத் தண்ணீர் கசிந்துவிட்டது என்று பதில் வந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர் முழக்காரர். புதுப் பலகை போட்டார்கள். கூழைக்கடாக்கள் அதற்குப் பிறகு எங்கள் குளத்தில் கூடு வைக்கவில்லை. மகன் வேலைக்குப் போனான். அடுத்த வருசம் அவருக்குப் பென்சன் வந்தது, துருசுக்கு ஒரு புதுப் பொடியனைப் போட்டார்கள்.

பென்சன் வந்த கிழமை அவர் எங்கள் வேலிப் படலைக்கு வந்து நின்றார். தோளில் திறப்பு இல்லாமல் அவரைப் பார்க்க ஒரு பக்கம் சரிந்த ஆள் மாதிரி இருந்தது. உள்ளே வாங்கோ என்று நான் சொல்லவில்லை. அவரும் படலையைத் திறக்கவில்லை. எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டியிருந்தது. அதை ஒரு வருசமாக மனதுக்குள் வைத்து அரைத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணை, என்னட்ட வந்து கதிரையில இருந்து கேட்டியள். அண்டைக்கே அவையளோட பேசி முடிச்சிட்டியளோ?”

“இல்லைப் பிள்ளை. அண்டைக்கு நான் உண்மையாத்தான் கேட்டனான். அந்த முதலாளி வந்தது பிறகு.”

“அப்ப ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே?”

அவர் படலைக் கம்பைத் தடவிக்கொண்டு சொன்னார்:

“முப்பது வருசம் ஏலாது எண்டுதான் சொன்னனான். ஒருக்கா ஓம் எண்டன்.”

நான் அதை நம்பினேன். அதுதான் எனக்குச் செரிக்காதது. ஆரம்பத்திலிருந்தே கள்ளன் என்றால், மண் அள்ளித் தூற்றிவிட்டு மறந்திருப்பேன். தகரப் பீப்பாவைத் தட்டினதும் உண்மை, விராலைத் தள்ளி வைத்ததும் உண்மை, குஞ்சுகளைச் சொல்லும்போது குரல் உடைந்ததும் உண்மை. அத்தனை உண்மையையும் வைத்து என்னிடம் வாங்கினதைத்தான் முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். போங்கோ அண்ணை என்றேன். போனார்.

இரண்டு வருசம் கழித்து மறுபடியும் வறட்சி. மறுபடியும் சிறுபோகம், மறுபடியும் கதிர் பால் பிடிக்கிற நேரம், தண்ணீர் ஒரு முழத்தில் நின்றது. புதுப் பொடியன் கம்பால் அளந்து சொன்னான். மருத மரத்தடியில் கூட்டம். பறவைகள் முன்போல இல்லை, ஆனால் இருந்தன. நாரைகள் வந்திருந்தன, நீர்க்காகம் இருந்தது, யானை இறங்கின தடம் இருந்தது. எங்கேயோ இருந்து ஒரு சின்ன முதலையும் வந்து சேர்ந்திருந்தது. நான் எழும்பினேன். பழக்கதோசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி முழம் எங்களுடையது இல்லை என்று தொடங்கினேன்.

பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்:

“அக்கா, போனமுறை நாங்கள் விட்டது கொக்குக்கோ, லொறிக்கோ?”

சிரித்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். கிண்ணியாக் காக்காவைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தடவிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்:

“தங்கச்சி, நான் அண்டைக்கு உங்கட முகத்துக்காகத்தான் கையைத் தூக்கினன். இந்த முறை ஏலாது. எனக்கும் புள்ளையள் இருக்கு.”

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். முழக்காரர் ஒருமுறை விற்றது தண்ணீரை மட்டும் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். இனி யார் எழும்பிச் சொன்னாலும் இந்த ஊர் நம்பாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. போனமுறை சொன்னது நான் என்றபடியால் என்னை முதலில் நம்பாது.

துருசைத் திறக்கச் சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கோ என்று வட்டவிதானையார் சொன்னார். கைகள் தூக்கப்பட்டன. முழக்காரரும் கூட்டத்துக்கு வந்திருந்தார். மனிசியின் பெயரில் ஒரு ஏக்கர் இருந்தது, ஆகவே அவருக்கும் ஒரு கை உண்டு. மரத்துக்குப் பின்னால், வேரில் குந்தியிருந்தார். இவராவது தூக்கமாட்டார் என்று எனக்குள் ஏதோ ஒன்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

தூக்கியிருந்தார். வலது கை. முழங்கையை முழங்காலில் ஊன்றி, விரல்களை நேரே நீட்டி, மேலே.

வட்டவிதானையார் ஒவ்வொரு கையாக எண்ணிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். என் கைகள் மடியில் கிடந்தன. என்னை விட்டிட்டு எண்ணுங்கோ என்றேன். விட்டுவிட்டு எண்ணினார்.

அடுத்தநாள் காலை புதுப் பொடியன் துருசைத் திறந்தான். தண்ணீர் முறைப்படி மேல்வயலுக்குப் போய், நடுவயலுக்குப் போய், கடைசியாக என் வயலுக்கும் வந்து ஏறியது. நான் வாய்க்காலை வெட்டி விட்டேன். அந்தச் சிறுபோகம் எங்கள் எல்லோருக்கும் நல்ல விளைச்சல்.